ஒரு போரின் ஐந்தொகை

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வரும் மாணவர்களுள் ஒருவன், சென்ற மாதம் மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகும் பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு 19 வயது. “சயா, உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டுமானால் எதைப் படிக்கலாம்?” என்று கேட்டான். (ஆசிரியரைச் சயா என்று அழைப்பது பர்மிய வழக்கம்; ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சிலும் அதுவே நிலைத்துவிட்டது.) எந்த நாட்டுப் போர் என்றேன். எந்த நாடானாலும் சரி, ஆனால் பல தொகுதிகளாக இருக்கக் கூடாது, கையில் எடுத்தால் முடித்துவிட வேண்டும் என்றான். 1948இல் தொடங்கிய சண்டை பல உருவம் மாறி இன்னும் ஓயாத நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்கும்போது, வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் முழுவதும் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிழைப்புக்காக நான் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் என் தந்தை. அவருக்குச் சொல்லித் தந்தவர் செட்டியார் கடையில் வேலை பார்த்த ஒரு முதியவர். அந்த வழியில் அன்றாடம் நடப்பது முதலில் சிட்டையில் ஏறும். அங்கிருந்து குறிப்பேட்டுக்கும், பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேரேட்டுக்கும் போகும். ஆண்டு முடிவில் எல்லாம் சேர்ந்து ஐந்தொகையாக ஒரே தாளில் வந்து நிற்கும். ஒரு போரின் வரலாற்றைப் பத்துத் தொகுதிகளில் எழுதுபவர் பேரேடு எழுதுகிறார். ஒரே தொகுதியில் எழுதுபவர் ஐந்தொகை எடுக்கிறார். ஐந்தொகை சுருக்கமாக இருப்பதில் குற்றம் இல்லை, அது சுருக்கமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் உள்ள எந்தத் தொகையின் மேல் விரலை வைத்தாலும், அது பேரேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்ட முடிய வேண்டும். யாருடைய பற்றும் வரவும் விடுபட்டிருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால், 800 பக்க நூலொன்றுக்கு நம் வாழ்நாளில் ஒரு மாதத்தைக் கொடுப்பது தகும் என்று நினைக்கிறேன்.

போரை ஒரு தொகுதிக்குள் அடக்குபவர் எடுக்கும் முதல் முடிவு, எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பது. பார்வைக்கு அது சிறிய முடிவு. ஆனால் நூலின் தீர்ப்பில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. எங்கள் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்கிறேன். 1949 ஜனவரி 31ஆம் நாள் ரங்கூனுக்கு வடக்கே 15 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள இன்செயினை, பர்மாவின் சிறுபான்மை இனங்களுள் ஒன்றான கரேன் இனத்தின் படையினர் கைப்பற்றினார்கள். மே 22 வரை 112 நாள்கள் அந்த முற்றுகைச் சண்டை நடந்தது. வரலாற்றை அந்த நாளில் தொடங்கினால், விடுதலை பெற்று ஓராண்டே ஆன அரசின் மீது கரேன்கள் துப்பாக்கி தூக்கினார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஒரு மாதம் முன்னே போய், 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் மெர்குயி வட்டாரத்தின் பலாவ் பகுதியில் கரேன் கிறித்தவர்கள் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கினால், அதே துப்பாக்கி தற்காப்பாக மாறிவிடும். மலைநாட்டு இனங்கள் பர்மாவோடு சேர ஒப்புக்கொண்டு 1947 பிப்ரவரி 12இல் கையெழுத்தான பாங்லாங் ஒப்பந்தத்தில் ஷான், கச்சின், சின் தலைவர்கள் கையொப்பமிட, கரேன்கள் பார்வையாளர்களாக மட்டுமே இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினால், கதை அரசியலமைப்பின் கதையாகிறது. 1942இல் ஆங்கிலேயர் பின்வாங்கிய வேளையில் மியாங்மியாவில் பர்மிய விடுதலைப் படையினர் கரேன்களைக் கொன்றதிலிருந்து தொடங்கினால், அது பழியின் கதையாகிறது. 1881இல் கரேன் தேசியச் சங்கம் தோன்றியதிலிருந்தே எழுதுவோரும் உண்டு.

இவற்றுள் எது சரியான தொடக்கம் என்று ஒற்றை விடை கிடையாது. நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: ஆசிரியர் தாம் எங்கே தொடங்குகிறார், ஏன் அங்கே தொடங்குகிறார் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலங்கைப் போரைப் பற்றிய ஒரு நூலை எடுத்தால், முதல் அத்தியாயத்தில் எந்த ஆண்டு இருக்கிறது என்றுதான் நம் கண் முதலில் தேடுகிறது. 1983 ஜூலையா, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த 1956ஆ, தோட்டத் தமிழர்கள் குடியுரிமை இழந்த 1948ஆ என்பதைப் பார்த்தாலே, அந்நூலில் யார் பேசப் போகிறார்கள், யார் வாய் திறக்காமலே கடந்து போகப் போகிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். மலையகத் தமிழர்களை 1948இல் சந்திக்காத நூல், பிறகு எங்கேயும் அவர்களைச் சரியாகச் சந்திப்பதில்லை.

நான் அண்மையில் படித்தது அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய தடித்த ஒற்றைத் தொகுதி. 37ஆம் தெருவில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். அதில் முதல் பீரங்கி முழங்குவதற்கு முன்பே 200 பக்கங்களுக்கு மேல் ஓடிவிடுகின்றன. 1846இல் தொடங்கிய மெக்சிகோப் போர், அதில் கிடைத்த புதிய நிலங்களில் அடிமைமுறை செல்லுமா என்ற வழக்கு, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டம், கட்சிகள் உடைந்தது என்று நிதானமாகப் போகிறது. மின்சாரம் இல்லாத இரவுகளில் சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு படித்தபோது, இவற்றைத் தாண்டிப் போருக்கே போய்விடலாமா என்ற எண்ணம் எனக்கும் வந்தது. போகாமல் இருந்தது நல்லதாயிற்று. இரு தரப்பும் எத்தனை முறை சமரசத்தின் விளிம்பு வரை வந்து திரும்பினார்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. கென்டக்கியைச் சேர்ந்த செனட்டர் கிரிட்டெண்டன் 1860 டிசம்பரில் கடைசி முயற்சியாக ஒரு சமரசத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அது தோற்றது. பிறகு அவருடைய மகன்களில் ஒருவர் ஒன்றியத்துக்காக நின்ற வடக்கின் படையிலும் இன்னொருவர் அதிலிருந்து பிரிந்துபோன தெற்கின் படையிலும் தளபதிகள் ஆனார்கள். அந்த 200 பக்கங்களைப் படித்தவருக்கு இது வெறும் வியப்புச் செய்தியாக இராது. போர் தன் வீட்டுக்குள் வருவதை ஒரு தகப்பன் தடுக்கப் பார்த்து முடியாமல் போனது என்று புரியும்.

இன்னொன்றையும் அந்த நூல் எனக்குக் காட்டியது. தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21இல் சவான்னா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் அல்லர், அடிமைநிலையே அவர்களுக்கு இயல்பானது என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். போரில் தோற்ற பிறகு அவரே எழுதிய பெரிய நூலில், போர் அரசியலமைப்புக் கொள்கைக்காகவும் மாநில உரிமைக்காகவும் நடந்ததாக வாதிட்டார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதற்கு அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் இல்லாத நூல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் நம்பத் தகுந்ததாகாது. போர் முடிந்ததும் எல்லாத் தரப்பும் தம் கணக்கைத் திருத்தி எழுதுகின்றன. தொடக்கத்தில் சிட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எடுத்துக் காட்டுபவரே வரலாற்றாசிரியர்.

முடிவு தெரிந்த போரை முடிவு தெரியாததுபோல் எழுதுவது இதைவிடக் கடினமான வேலை. 1864 ஆகஸ்ட் 23ஆம் நாள் லிங்கன் ஒரு தாளில் சில வரிகள் எழுதினார். இந்த ஆட்சி மறுபடி தேர்ந்தெடுக்கப்படாது என்றே தெரிகிறது, அப்படியானால் புதிதாக வருபவர் பதவியேற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பாற்றுவது என் கடமை என்பது அதன் சாரம். தாளை உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்து, அமைச்சர்களிடம் நீட்டி, படிக்காமலே பின்புறம் கையொப்பமிடச் சொன்னார். அவர்களும் இட்டார்கள். அந்த நாளில் வடக்கின் தளபதிகளான கிராண்டின் படை பீட்டர்ஸ்பர்க்கிலும் ஷெர்மனின் படை அட்லான்டாவுக்கு வெளியிலும் முன்னேற முடியாமல் கிடந்தன. இறந்தவர் பட்டியல்கள் நாள்தோறும் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தன. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 2இல், அட்லான்டா வீழ்ந்தது. நவம்பரில் லிங்கன் வென்றார். பள்ளிப் பாடத்தில் இது ‘லிங்கன் இரண்டாம் முறை வென்றார்’ என்ற ஒரே வரி. என் கையில் இருந்த நூலில், அந்தத் தாள் மடிக்கப்படும் இடத்துக்கு வரும்போது, என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் பத்து நாள்களை வாசகனையும் வாழ வைப்பதற்கு இடம் ஒதுக்கும் ஆசிரியர், வேறு எத்தனை சண்டைகளைக் குறைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்களுக்கும் அப்படிப்பட்ட நாள்கள் இருந்தன. 1949 ஏப்ரல் தொடக்கத்தில் இன்செயின் சண்டை சற்று நிறுத்தப்பட்டு, கரேன் தலைவர் சா பா ஊ ஜீ ரங்கூனுக்குள் வந்து பிரதமர் ஊ நூவுடன் பேசினார். பேச்சு முறிந்தது, சண்டை மறுபடி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12இல் அவர் கொல்லப்பட்டார். இன்றிலிருந்து திரும்பிப் பார்ப்பவருக்கு அந்தப் பேச்சு ஒரு அடிக்குறிப்பாகத் தோன்றலாம். அன்று நகரில் இருந்தவர்களுக்கு அது அடிக்குறிப்பு அல்ல. இன்னொரு செய்தியும் உண்டு: கரேன் படைப்பிரிவுகள் கிளர்ந்தெழுந்த நாளில் பர்மியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஸ்மித் டன், அவரும் கரேன். அவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் நே வின்னை அமர்த்தினார்கள். 1962இல் ஆட்சியைப் பிடித்தவர் அவரே. தரப்புகளுக்கு இடையில் கோடு கிழித்தவுடன் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும் மனிதர்களைச் சுருக்கத்தின் பெயரால் துடைத்துவிடாத நூலைத்தான் நான் தேடுகிறேன்.

சண்டைக்களங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. எந்தப் படை எந்த மேட்டை எத்தனை மணிக்குப் பிடித்தது என்று பக்கம் பக்கமாகப் போகும் நூல்களில் எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் சண்டையை ஒரேயடியாக ஒதுக்கிவிடுபவரும் தவறு செய்கிறார். அமெரிக்கப் போரில், 1862 செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் ஒரே நாளில் சுமார் 23,000 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு, தெற்கின் தளபதி லீயின் போர்த்திட்டம் எழுதிய தாள் மூன்று சுருட்டுகளைச் சுற்றியபடி ஒரு வயலில் எதிர்த்தரப்புச் சிப்பாய்களின் கையில் கிடைத்திருந்தது. அந்தச் சண்டையில் தெற்கின் படை பின்வாங்கியதால்தான், செப்டம்பர் 22இல் அடிமை விடுதலை அறிவிப்பை லிங்கன் வெளியிட முடிந்தது. வயலில் கிடந்த தாளிலிருந்து சட்டம் வரை தொடர்பு காட்டத் தெரிந்தவர் சண்டையை எழுதட்டும்.

இனி, விடுபட்டவர்கள். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

1861 மே 23 இரவு, வர்ஜீனியாவில் மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி, வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்கள். தெற்கின் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். அவர்களின் உரிமையாளர் சார்பாக ஒருவர் வந்து, தப்பியோடிய அடிமைச் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரச் சொன்னார். கோட்டைத் தளபதி பட்லர் ஒரு வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்று சொல்லிக்கொண்டுவிட்டதே, வேறு நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டு, மூவரையும் போர்ப் பொருளாகப் பறிமுதல் செய்ததாகச் சொல்லி வைத்துக்கொண்டார். செய்தி பரவியது, அடுத்தடுத்த நாள்களில் மேலும் பலர் குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். ஆகஸ்ட் 6க்குள் நாடாளுமன்றமே அதற்கொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. லிங்கன் விடுதலை அறிவிப்பை எழுதுவதற்கு ஓராண்டுக்கு முன்பே அந்த மூவர் துடுப்புப் போட்டுவிட்டார்கள். 1860 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் 39,53,760 அடிமைகள் இருந்தார்கள். அவர்களை ‘போருக்குக் காரணமான பிரச்சினை’ என்று மட்டும் எழுதும் நூல் உண்டு. போரின் போக்கையே மாற்றிய மனிதர்களாக எழுதும் நூலும் உண்டு. இரண்டாவதைத்தான் என் மாணவனுக்குத் தர வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் படித்த இரவே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டுக் கதை அதைவிடச் சிறியது. 1949இல் என் தாத்தா, ரங்கூனுக்கும் இன்செயினுக்கும் இடையில் உள்ள கமாயுட்டில் எட்டு மாடுகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நூற்றுப் பன்னிரண்டு நாள்களைப் பற்றி அப்பத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அதில் தலைவர் பெயர் எதுவும் வராது. “பீரங்கிச் சத்தம் கேட்டா மாடு பால எக்கிக்கிரும். கன்னுக்குட்டிய விட்டாலும் சொரக்காது. எட்டு மாடு கறந்தும் நாலு படி தேறாது” என்பார்கள். பால் வாங்கும் வீடுகளில் ஒன்று, ஒரு கரேன் தாதியின் வீடு. என் மூத்த அத்தை பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர்தான். அலோன் பகுதியில் இருந்த கரேன் குடியிருப்பு ஜனவரிக் கடைசியில் தாக்கப்பட்டதற்குப் பிறகு, அந்த அம்மாள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அப்பத்தா பத்து நாள் வரை வாசலில் பால் செம்பை வைத்துவிட்டு வந்தார்களாம். பிறகு வைக்கவில்லை. அவ்வளவுதான் அந்தக் கதை.

இந்த இடத்தில் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். நாங்கள் எந்தத் தரப்பிலும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டால் கணக்கு நேராகாது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் அடமானம் மூழ்கியதால் 1937-38இல் அது 25 விழுக்காடு ஆனது. வட்டிக்கடைக்காரர் நிலத்தைத் தேடிப் போகவில்லை, பணத்தைத்தான் தேடினார் என்பது உண்மை. நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு அதனால் ஆறுதல் இல்லை என்பதும் உண்மை. 1948 மார்ச் இறுதியில் பொதுவுடைமைக் கட்சி ஆயுதம் எடுத்தபோது அவர்களுக்குச் சோறு போட்ட கிராமங்களின் மனக்குறையில் எங்கள் பேரேட்டுக்கும் பங்கு இருந்தது. பாதிக்கப்பட்டவரின் பற்றையும் எழுதி, அவர் தர வேண்டிய பாக்கியையும் எழுதுபவரிடம்தான் ஐந்தொகை நேராக நிற்கும். என் மக்களைப் பற்றிப் பேசும்போதும் அப்படி எழுதக்கூடிய நூல் வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அமெரிக்கப் போருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பையன் கேட்கக்கூடும் என்பதால் இதையும் குறித்து வைத்தேன். 1861இல் போர் தொடங்கியதும், கரோலினா அரிசி ஐரோப்பாவுக்குப் போவது தடைப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியவற்றுள் கீழ்ப் பர்மாவின் அரிசியும் ஒன்று. 1852இல் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த டெல்டாவில் காடு வெட்டி வயலாக்குவது வேகம் பிடித்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது அதற்கு மேலும் வழிவிட்டது. அறுவடைக்கும், ஆலைக்கும், துறைமுக மூட்டைக்கும் ஆள் தேவைப்பட்டது. பயிர்க்கடனுக்குப் பணம் தேவைப்பட்டது. இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து என் முன்னோர் கப்பலேறியதற்குப் பின்னால் இருந்த பல காரணங்களில், அவர்கள் பெயரே கேட்டிராத ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரும் ஒன்று. ஒரு தொகுதிக்குள் இதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. இருந்தாலும், வேலிக்கு அப்பால் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கும் நூல், பார்க்காத நூலைவிட மேல்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் போரில் இறந்தவர்கள் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2011இல் பழைய மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு அதைச் சுமார் 7,50,000 என்று உயர்த்தியது. குண்டடியைவிட நோயால் இறந்தவர்களே மிகுதி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் ‘பத்து லட்சம் பேர்’ என்ற எண் நெடுநாள் வழங்கியது. இன்றைய ஆய்வாளர்கள் அதைச் சுமார் 5 லட்சம் என்கிறார்கள். எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியாவது சொல்லாமல் வெறும் தொகையை எழுதிப் போகும் ஆசிரியரிடம் நான் மற்ற செய்திகளையும் எச்சரிக்கையோடுதான் வாங்கிக்கொள்கிறேன்.

எந்த நாளில் முடிப்பது என்பது, எங்கே தொடங்குவது என்பதைப் போலவே கனமான முடிவு. 1865 ஏப்ரல் 9இல் அப்போமாட்டாக்சில் லீ சரணடைந்ததோடு நூலை மூடினால், இரண்டு தளபதிகள் கண்ணியமாகக் கைகுலுக்கிப் பிரிந்த கதையாக அது நிறைவடையும். 1877 வரை போனால், தெற்கிலிருந்து கூட்டரசின் படைப் பாதுகாப்பு விலகியதும், விடுதலை பெற்றவர்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிபோனதும் கண்ணில் படும். ஸ்பெயினில் 1939 ஏப்ரல் 1இல், வென்ற தரப்பின் தலைவர் பிராங்கோ வெற்றியை அறிவித்தார். சிறைகளில் சுட்டுக் கொல்வது அன்றோடு நிற்கவில்லை. துப்பாக்கி ஓய்ந்த நாளுக்குப் பிறகு ஐம்பது பக்கமாவது இல்லாத நூலை, முழுமையான நூல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பர்மாவின் போருக்கு அப்படி ஒரு கடைசி நாளே இன்னும் வாய்க்கவில்லை. அதனால்தான் மற்ற நாடுகளின் போர் நூல்களில் இறுதி அத்தியாயங்களை நான் மிகவும் மெதுவாகப் படிக்கிறேன்.

சென்ற ஞாயிறு அந்த அமெரிக்கப் போர் நூலையே அவனிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு குறையையும் சொன்னேன்: வரைபடங்கள் இருந்த நான்கு தாள்களை முன்பு வைத்திருந்த யாரோ கிழித்து எடுத்திருக்கிறார்கள். மலை எங்கே, ஆறு எங்கே, ரயில் எங்கே என்று தெரியாமல், முதலில் சில அத்தியாயங்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோலத்தான் படித்தேன். பிறகு மண்டியின் பழைய எடைச் சீட்டுகளின் பின்புறத்தில், நூலில் சொல்லியிருப்பதை வைத்து நானே வரைந்து அந்தந்த இடத்தில் செருகினேன். மிசிசிப்பி ஆறும், விக்ஸ்பர்க் நகரம் அதன் வளைவில் உட்கார்ந்திருக்கும் விதமும் எனக்குப் புரிந்தது வரைந்த பிறகுதான்.

அவன் அந்தச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்செயினுக்கு இப்படி வரைந்திருக்கிறீர்களா, சயா?” என்று கேட்டான். இல்லை என்றேன். இன்னொரு சீட்டை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். மேற்கே ஹ்லைங் ஆறு, தெற்கிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதை, கீழே கமாயுட், மேலே இன்செயின். மாட்டுக்கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்டான். பாதைக்கு எந்தப் பக்கம் என்று எனக்கு நினைவில்லை. மோல்மீனில் இருக்கும் மூத்த அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். முற்றுகையின்போது அவருக்கு ஏழு வயது. “ஆத்துப் பக்கம்தாம்ப்பா. மாட்டத் தண்ணிக்கு ஓட்டிட்டுப் போறப்ப தண்டவாளத்தத் தாண்டுனதே இல்ல” என்றார். அவன் பென்சிலை ரயில் கோட்டுக்கு இடப்புறம் கொண்டுபோய், ஒரு சிறிய கட்டம் போட்டு, அதற்குள் ‘8 மாடு’ என்று எழுதினான்.